ராத்திரி 12 மணிக்கு ரம்மியை மூடலாம், ரீல்ஸை மூடக்கூடாதா?

#1 · மணியடிப்பவன்

உங்க போன்ல 'டிங்'னு ஒரு சத்தம் வருது, கூடவே ஒரு வரி வருது இல்லையா, அந்த வரியை எழுதறவன் நான். ஆறு வருஷமா இதுதான் வேலை. சென்னையில ஒரு ஷாப்பிங் செயலி. பேர் வேண்டாம்.

ஒரு உதாரணம் சொல்றேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி 9:40. சீரியல் முடிஞ்சு, பாத்திரம் கழுவிக் கவுத்து, ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே போனை எடுக்கற நேரம். அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. பாதிப் பேருக்கு ஒரு வரி போகும்: "நீங்க பார்த்த பச்சைச் சேலை இன்னும் இருக்கு." மீதிப் பேருக்கு இன்னொண்ணு: "நீங்க பார்த்த பச்சைச் சேலை, இன்னும் 2 தான் இருக்கு." காலையில வந்து பார்த்தா ரெண்டாவது வரி முதல் வரியைத் தூக்கிச் சாப்பிட்டிருந்தது. கிடங்குல அன்னிக்கு இருந்த பச்சைச் சேலை 140.

இதை எழுதினதுக்கு எனக்குப் பெரிசா உறுத்தல் எதுவும் வரல. உண்மையைச் சொல்லிடறேன். உறுத்தல் வந்தது வேற இடத்துல.

அம்மாவுக்கு 63 வயசு. திருப்பூர்ல தனியா இருக்காங்க. போன தடவை போயிருந்தப்ப ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். கட்டில்ல உக்காந்து, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டுட்டு, போனை மூக்குக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, கட்டைவிரலால தள்ளிக்கிட்டே இருக்காங்க. ஒரு நாய்க்குட்டி, ஒரு சாம்பார், ஒரு ஜோசியர், ஒரு விபத்து. முகத்துல சிரிப்பும் இல்ல, அழுகையும் இல்ல. "தூங்கலையாம்மா?"ன்னேன். "இதோ, இந்த ஒண்ணு"ன்னாங்க. அப்புறம் அவங்களே சொன்னாங்க: "நானாத்தான் பாக்குறேன்னு நெனச்சேன்டா. கைதான் பாக்குது."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடல. அதான் கேக்குறேன். காசு வெச்சு ஆடற ஆன்லைன் ரம்மியை ராத்திரி 12-லிருந்து காலை 5 வரைக்கும் மூடணும்னு தமிழ்நாட்டுல விதி வந்துச்சு. வயசு வந்தவங்களுக்கும் சேர்த்துத்தான். அதை ஏத்துக்கிட்ட நாம, ரீல்ஸ்னு வந்தா மட்டும் "அவங்க இஷ்டம்"னு ஏன் விட்டுடறோம்?

#2 · நேர்ப்பேச்சு

மணி, எழுத்து நல்லாருக்கு. கேள்விதான் கோணல்.

உங்கம்மா நாப்பது வருஷம் அடுப்படியில நின்னிருப்பாங்க. உங்கப்பா சாயங்காலம் டீக்கடை பெஞ்சுல உக்காந்து ஒரே பேப்பரை மூணு தடவை படிச்சப்ப, "ஐயோ, அப்பாவோட கவனத்தை எவனோ களவாடறான்"னு நம்ம யாராவது கவலைப்பட்டோமா? ஊர்ச் சாவடியில சீட்டுக்கச்சேரி விடிய விடிய நடந்துச்சு. அதுக்குப் பேரு 'பொழுதுபோக்கு'. ஒரு பொம்பளை 63 வயசுல, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத வீட்டுல, ராத்திரி ஒரு மணிக்கு நாய்க்குட்டி பார்த்தா அதுக்குப் பேரு 'அடிமைத்தனம்'. உடனே மகன் வந்து அரசாங்கத்தைக் கூப்பிடறான்.

சுயாதீனம்னா அடுத்தவன் கண்ணுக்கு நல்லதாத் தெரியறதைச் செய்யறது இல்ல. வீணடிக்கற உரிமையும் சேர்ந்ததுதான் சுயாதீனம்.

ரம்மி விஷயம் வேற. அதுல வீடு போச்சு, தாலி போச்சு, உயிர் போச்சு. நாய்க்குட்டி பார்த்து எவன் வீட்டை ஏலம் விட்டான்?

#3 · வக்கீல் குமாஸ்தா

விவாதம் சூடேறுமுன் தகவலைச் சரியாக வைத்துக்கொள்வோம்.

மணி சொல்வது தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிமுறை. 18 வயதுக்குக் கீழ் ஆட முடியாது, உள்ளே நுழைய ஆதார் வழியாகச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. ஒரு மணி நேரம் தாண்டி ஆடினால் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் எச்சரிக்கை வர வேண்டும். விளையாட்டு நிறுவனங்கள் தொழில் உரிமை, அந்தரங்க உரிமை இரண்டையும் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் போயின. 2025 ஜூன் 3 அன்று மனுக்கள் தள்ளுபடி. மக்கள் நலனைக் காக்க மாநிலம் இப்படிச் செய்யலாம், அந்தரங்க உரிமையும் வரம்பற்றது அல்ல என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு பண விளையாட்டுகளையே மொத்தமாகத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டதால் அந்த நள்ளிரவுப் பூட்டுக்கு இப்போது வேலை குறைவு. கொள்கைக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

காணொளிச் செயலிகளைப் பூட்டிப் பார்த்த அனுபவமும் நமக்கு உண்டு. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்யச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அது விலக்கப்பட்டது. பிறகு 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக் ஒரேயடியாகப் போனது. அதற்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு, இறையாண்மை. மக்களின் தூக்கம் பற்றி அதில் எதுவும் இல்லை. ஜூலையில் ரீல்ஸ் வந்துவிட்டது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்துவிட்டது. கடைப் பலகை மாறியது, சரக்கு மாறவில்லை.

#4 · கோடு போடறவன்

கம்ப்யூட்டர் கோடு எழுதறவன் பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்றேன். ரம்மியையும் ரீல்ஸையும் ஒரே தராசுல வெக்கலாமாங்கறதை அப்புறம் பேசுவோம். முதல்ல, தள்ளினா வந்துக்கிட்டே இருக்கற அந்தத் திரை எங்கேர்ந்து வந்துச்சு?

முன்னாடி எல்லாம் பக்கம் முடியும். கீழே 1, 2, 3, 'அடுத்து'ன்னு இருக்கும். 2006-ல அஸா ரஸ்கின்ங்கற வடிவமைப்பாளர், பக்கம் முடியறதுக்குள்ள அடுத்தது தானா ஏறிக்கற மாதிரி ஒண்ணு பண்ணினார். ஜனங்களுக்கு ஒரு சொடுக்கு மிச்சமாகட்டும்னு நல்ல எண்ணத்துலதான். பின்னாடி அவரே அதுக்காக வருத்தப்பட்டுப் பொதுவுல பேசினார். அந்த 'அடுத்து' பட்டன் வெறும் பட்டன் இல்ல. "போதுமா, இன்னும் வேணுமா?"ன்னு ஒரு நொடி நம்மளைக் கேட்ட இடம் அது. அதை எடுத்துட்டோம்.

நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு முடிவு இருந்துச்சுங்க. சினிமா கடைசியில 'வணக்கம்'னு போடுவான், தியேட்டர்ல விளக்கு எரியும், செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு எழுந்திருப்போம். தூர்தர்ஷன் ராத்திரி நிகழ்ச்சியை முடிச்சுட்டா அப்புறம் திரையில வெறும் புள்ளி மழைதான். பேப்பருக்குக் கடைசிப் பக்கம் உண்டு.

இன்னொண்ணு, செயலி 'தானா கத்துக்குது'ன்னு சொல்றோமே, அது என்னத்தைக் கத்துக்குது? நமக்கு எது பிடிக்கும்கறதை அது பார்க்கறதில்ல, நாம எங்க நின்னோம்னுதான் பார்க்குது. ரெண்டும் வேற. தெருவுல நடந்து போறீங்க, குழாயடியில சண்டை. ஒரு நிமிஷம் நின்னு பார்ப்பீங்க, யாரா இருந்தாலும். மறுநாள் காலையில கதவைத் திறந்தா உங்க தெருவுல பத்துக் குழாய், பத்துலயும் சண்டை. "நீங்கதானே சார் கேட்டீங்க?"ன்னு தெரு சொல்லுது. நீங்க கேட்கவே இல்ல, நின்னீங்க, அவ்வளவுதான்.

இதை வில்லன் ஒருத்தன் உக்காந்து யோசிச்சுப் பண்ணல. நானும் அந்த மாதிரி ஒரு அறையில இருந்திருக்கேன். சுவத்துல ஒரு நம்பர் இருக்கும், அது ஏறணும். யூடியூப் 2012-லயே 'எத்தனை பேர் சொடுக்கினாங்க'ங்கறதை விட்டுட்டு 'எவ்வளவு நேரம் பார்த்தாங்க'ங்கறதுக்கு மாறினாங்க. ஒரு நாளைக்கு 100 கோடி மணி நேரம்னு இலக்கு வெச்சாங்க, 2016-ல தொட்டாங்க. இலக்கு மணி நேரம்னா, உங்க தூக்கமும் அதுல ஒரு கச்சாப்பொருள்தான். 2017-ல நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸே தூக்கத்தோட போட்டி போடறோம்கற அர்த்தத்துல பேசினார். மனுஷன் ஒளிவு மறைவு இல்லாம சொல்லிட்டார், அந்த வகையில மரியாதை.

#5 · மணியடிப்பவன்

நேர்ப்பேச்சு அண்ணே, டீக்கடை பெஞ்ச் அடி சரியா விழுந்துச்சு. அதை மறுக்க மாட்டேன். எங்கப்பாவை யாரும் எதுவும் கேட்டதில்ல.

ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. நான் அரசாங்கத்தைக் கூப்பிடறதுக்கு முன்னாடி அம்மாதான் என்னைக் கூப்பிட்டாங்க. "இதைப் பதினோரு மணிக்குத் தானா நிக்கற மாதிரி பண்ணிக் குடுத்துட்டுப் போடா"ன்னாங்க. இப்ப எது அவங்க விருப்பம்? பதினோரு மணிக்கு நிறுத்தச் சொன்னதா, ஒரு மணிக்கு "இதோ, இந்த ஒண்ணு"ன்னதா?

1971-ல ஒரே வருஷத்துல ரெண்டு விஷயம் நடந்துச்சு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்ல. பின்னாடி பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கின ஹெர்பர்ட் சைமன், தகவல் பெருகினா அது தின்னு தீர்க்கறது கேக்கறவனோட கவனத்தைத்தான்னு எழுதினார். இன்னிக்குக் 'கவனப் பொருளாதாரம்'னு சொல்றோமே, அதோட வேர் அங்க இருக்கு. அதே வருஷம் ஹாரி பிராங்க்ஃபர்ட்ங்கற தத்துவக்காரர், மனுஷனுக்கு ஆசை மட்டும் இல்ல, ஆசை மேலயும் ஒரு ஆசை உண்டுன்னு எழுதினார். ஒருத்தனுக்குப் போதை வேணும், ஆனா 'இது எனக்கு வேணும்னு தோணாம இருந்தா நல்லாருக்கும்'னும் இருக்கு. இந்த ரெண்டாவது ஆசை ஜெயிக்கற அளவுக்குத்தான் அவனோட சுதந்திரம். எங்கம்மா ரெண்டையும் படிச்சதில்ல. 'கைதான் பாக்குது'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

சரி, நேர வரம்பு போட்டுக் கொடுத்தேன். என் பழைய ஐபோன் அது. பதினோரு மணிக்குத் திரை மங்கிச்சு, நேரம் முடிஞ்சதுன்னு காட்டுச்சு. அதே திரையில, கட்டைவிரலுக்கு எட்டற தூரத்துல இன்னொரு பட்டன், 'இன்னிக்கு மட்டும் விட்டுடு'ங்கற மாதிரி. பூட்டும் சாவியும் ஒரே ஆணியில தொங்குது. மூணாம் நாள் அம்மா அந்தப் பட்டனைப் படிக்காமலே அமுக்கக் கத்துக்கிட்டாங்க.

#6 · முன்னாள் மேசை

படிச்சுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். ரம்மி பேச்சு வந்ததால சொல்றேன்.

எவ்வளவு போச்சுன்னு எழுத மாட்டேன், வீட்டுல இன்னும் முழுக் கணக்கு தெரியாது. அந்தப் பன்னிரண்டு மணிப் பூட்டு வந்த புதுசுல முதல் நாள் எனக்குக் கோபம் வந்துச்சு. ரெண்டாம் நாள் கொஞ்ச நேரம் புரண்டு படுத்தேன். மூணாம் நாள் தூங்கிட்டேன். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் பொண்டாட்டி முழிக்கறதுக்கு முன்னாடி நான் முழிக்காம தூங்கினது அன்னிக்குத்தான். யாரோ தோள்ல கை வெச்சு "போதும்பா"ன்ன மாதிரி இருந்துச்சு. அந்த நேரத்துல என் சுதந்திரம் பறிபோன மாதிரி எனக்குத் தோணல. அதுக்கு முன்னாடியே அது எங்கிட்ட இல்ல.

ஆனா நேர்ப்பேச்சு சாருக்காக மிச்சத்தையும் சொல்லணும். ரெண்டாவது வாரத்துலேர்ந்து நாலு அம்பதுக்கு அலாரம் வெச்சேன். அஞ்சு மணிக்கு மேசை திறக்கறப்ப முதல் ஆளா உள்ள இருப்பேன்.

#7 · பொடிக்கடை

எல்லாரும் பாக்குறவங்களைப் பத்தியே பேசுறீங்க. போடுறவங்களைப் பத்தியும் கொஞ்சம் கேளுங்க.

திண்டுக்கல் பக்கம். நானும் என் நாத்தனாரும் பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, கறிவேப்பிலைப்பொடி இடிச்சு விக்கிறோம். கடை கிடையாது. நாப்பது செகண்டு வீடியோதான் கடை. ராத்திரி பன்னிரண்டுக்கு மூடினா துபாய், அமெரிக்காவுல இருக்குற நம்ம ஆளுங்க பாக்குற நேரம் போயிடும். என் ஆர்டர்ல பாதி அங்க பாத்துட்டு இங்க அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்றது. அதனால மூடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா அந்த எந்திரம் என்னையும் ஆட்டுதுங்க. முதல் வீடியோவுல "வணக்கம், நான் திண்டுக்கல்லேர்ந்து பேசுறேன்"னு ஆரம்பிச்சேன். எத்தனாவது செகண்டுல ஆளுங்க போயிடுறாங்கன்னு ஒரு கோடு காட்டும். அந்தக் கோடு 'வணக்க'த்துலயே சரிஞ்சு விழுந்துச்சு. வணக்கம் சொல்லும்போதே தள்ளிட்டுப் போறாங்க. அதனால வணக்கத்தை எடுத்துட்டேன். இப்ப முதல் செகண்டுல காஞ்ச எண்ணெயில மிளகாய் விழணும், 'சொர்ர்'ங்கணும், அப்பத்தான் நிக்கிறாங்க. எங்க பொடிக்கு மிளகாயை எண்ணெயில போடவே மாட்டோம், வெறும் சட்டியில வறுக்கறதுதான். வீடியோவுக்காக மட்டும் போடுறோம்.

மாமனார் தவறினப்ப பதினாறு நாள் எதுவும் போடல. திரும்பி வந்தா எங்களை யாருக்குமே தெரியல, முதல்லேர்ந்து ஆரம்பிச்ச மாதிரி ஆயிடுச்சு. கடையில வேலை பாத்திருந்தா மொதலாளி வந்து மாலை போட்டுட்டுப் போயிருப்பாரு.

#8 · ஷார்ஜா ஷிப்ட்

அக்கா சொன்ன துபாய் ஆளு நான்தான்னு வெச்சுக்கங்க. ஒரு ரூம்ல ஆறு பேர், மாடிக்கட்டில். ராத்திரி லைட்டை அணைச்சா ஆறு முகமும் நீலமாத் தெரியும். பேச்சு கிடையாது. நான் வந்த புதுசுல இந்த நேரத்துல கேரம் ஆடுவோம், சண்டை போடுவோம், எவனாவது பாடுவான். போர்டு இப்பவும் கட்டில் அடியிலதான் இருக்கு, மேல பெட்டி அடுக்கியிருக்கு. எனக்குப் போனை விட்டா வேற துணை இல்லங்கறதும் நிஜம். எந்தப் பக்கம் பேசறதுன்னு தெரியல.

#9 · நேர்ப்பேச்சு

முன்னாள் மேசை, நாலு அம்பது அலாரத்தை எழுதினதுக்கு நன்றி தம்பி. வேற எவனும் எழுதியிருக்க மாட்டான்.

என் பயம் இதுதான். 'உன் உண்மையான விருப்பம் எதுன்னு உன்னைவிட எனக்குத் தெரியும்'னு சொல்றவன் இன்னிக்கு மகனா இருப்பான், நாளைக்கு அதிகாரியா இருப்பான். சீனாவுல 2021-லேர்ந்து 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள், அதுவும் ராத்திரி எட்டு டு ஒன்பதுதான் ஆன்லைன் கேம் ஆடலாம். ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர்லேர்ந்து 16 வயசு ஆகாதவங்களுக்குச் சமூக வலைத்தளக் கணக்கே கிடையாது. பிள்ளைங்கன்னா சரி. ஆனா கதவுல வயசு கேக்கணும்னா எல்லாரும் அடையாள அட்டையைக் காட்டித்தான் ஆகணும். நம்ம ரம்மி விதியிலயும் ஆதார் வந்துச்சே. நாய்க்குட்டி பார்க்க உங்கம்மா ஆதார் குடுக்கணுமா?

அப்புறம், கவனத்தைப் பிடிச்சு இழுக்கறது என்ன புதுசா? வார இதழ்ல தொடர்கதை எழுதினவங்க என்ன பண்ணாங்க? கதாநாயகி கதவைத் திறப்பா, "அங்கே..."ன்னு நிறுத்திட்டு 'தொடரும்'னு போடுவான். அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் எங்க வீட்டுல மூணு பொம்பளைங்களுக்குச் சோறு இறங்காது.

#10 · கோடு போடறவன்

> வார இதழ்ல தொடர்கதை எழுதினவங்க என்ன பண்ணாங்க?

அண்ணே, அந்த வியாழக்கிழமைக்கும் இந்த வியாழக்கிழமைக்கும் நடுவுல ஆறு நாள் இருந்துச்சே, அது யாரோடது? உங்க வீட்டு மூணு பேரோடது. கதவுக்குப் பின்னாடி யாருன்னு அவங்களே பத்துக் கதை கட்டியிருப்பாங்க, குழாயடியில பந்தயம் கட்டியிருப்பாங்க. இழுத்தான், ஆனா விட்டுட்டு இழுத்தான். அதோட எல்லாருக்கும் ஒரே பக்கம்தான் அச்சாச்சு. உங்க பாட்டிக்கு எந்த வரியில கண் நின்னுச்சுன்னு எழுத்தாளருக்குத் தெரியாது. அது தெரிஞ்சு, பாட்டிக்குன்னு தனியா ஒரு பக்கம் அச்சடிச்சுக் கொடுத்திருந்தா, அப்புறம் அதைத் தொடர்கதைன்னு சொல்ல முடியுமா?

'பார்க்கறவன் சம்மதிச்சுத்தான் பார்க்கறான்'னு சொல்றவங்களுக்காக ஒரு பழைய சங்கதி. 2012 ஜனவரியில ஃபேஸ்புக், 6,89,003 பேரோட பக்கத்துல ஒரு வாரம் கை வெச்சுப் பார்த்துச்சு. சிலருக்கு நண்பர்களோட சந்தோஷமான பதிவுகளைக் குறைச்சாங்க, சிலருக்குச் சோகமானதைக் குறைச்சாங்க. அதுக்கு ஏத்த மாதிரி இவங்க எழுதறது மாறுதான்னு பார்த்தாங்க. கொஞ்சூண்டு மாறுச்சு, ரொம்பக் கம்மி. 2014-ல கட்டுரை வெளியானப்பதான் ஊருக்கே தெரியும். கணக்கு ஆரம்பிக்கறப்ப ஒப்புக்கிட்ட விதிமுறைகளே சம்மதம்னு காட்டினாங்க. மாத்தம் சின்னது, சரி. ஆனா அந்த வாரம் ஒருத்தன் சோர்ந்து போயிருந்தா, அது அவன் சோர்வா, ஊசி போட்டதான்னு அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. என்னை உறுத்தறது அதுதான்.

#11 · நடத்துநர் குழு

ரம்மிக்கு 'வேற நல்ல ஆப் இருக்கு' என்று இணைப்பு போட்ட ஒரு பதிவு நீக்கப்பட்டது. அந்த உறுப்பினர் வெளியே.

இன்னொரு தகவல், கண்டிப்பு அல்ல: இந்த இழையில் இதுவரை வந்த பத்துப் பதிவில் ஆறு, இரவு பன்னிரண்டுக்கு மேல் எழுதப்பட்டவை.

#12 · ஆறாம் வகுப்பு டீச்சர்

நடத்துநர் சொன்ன ஆறு இப்போது ஏழாகிறது. பேப்பர் திருத்திவிட்டு வருகிறேன்.

பிள்ளைகள் போனை விட மாட்டேன் என்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் எல்லா அம்மாவும் சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன். போன மாதம் ஒரு அம்மா, கூலி வேலைக்குப் போகிறவர், எழுந்து நின்று கேட்டார்: "நீங்கதானே டீச்சர் ஒம்போது மணிக்கு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்புல போடுறீங்க? வீட்டுல ஒரு போனுதான். அதை எடுத்து அவன் கையில குடுக்குறதே அதுக்குத்தான்."

எனக்குப் பதில் இல்லை. மறுநாளிலிருந்து கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். 'குரூப்பில் ஏன் வரவில்லை' என்று மேலிருந்து கேட்டார்கள். படம் எடுத்து அதையும் போடுகிறேன், ஆனால் நாலு மணிக்கு.

சட்டம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரே, பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்று ஏதோ வந்ததாகப் படித்தேன், உண்மையா?

#13 · வக்கீல் குமாஸ்தா

உண்மை டீச்சர். 2023-ம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 9-ம் பிரிவு. 18 வயது ஆகாதவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்கிறது. சில விதிவிலக்குகளுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒரே போன், அது அப்பா பெயரில். கையில் வைத்திருப்பவன் ஆறாம் வகுப்பு என்று சட்டத்துக்கு எப்படித் தெரியும்?

மணிக்கும் ஒன்று. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டு நெறி வெளியிட்டது. பதின்மூன்று வகை. பட்டியலில் முதலாவது, பொய்யான அவசரம் காட்டுவது. உங்கள் 'இன்னும் 2 தான்' கச்சிதமாக அங்கே போய் உட்காருகிறது. உங்களை மிரட்டச் சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும். ஆனால் அந்தப் பதின்மூன்றிலும், முடிவே இல்லாமல் உருளும் திரைக்குப் பெயர் கிடையாது. அது பொய் சொல்வதில்லையே, நிற்காமல் ஓடுகிறது, அவ்வளவுதான்.

நேர்ப்பேச்சு அவர்களின் ஆதார் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் ஐரோப்பியர்கள் எடுத்த வழி எனக்குக் கொஞ்சம் பிடிக்கிறது. அவர்களின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி மிகப் பெரிய தளங்கள், நம் பழக்கத்தை அளந்து பார்த்துப் பரிமாறாத ஒரு பதிவு வரிசையையும் தேர்வாக வைத்தே ஆக வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து அமலில் இருக்கிறது. யாரையும் வெளியே நிறுத்தவில்லை, கதவை மூடவில்லை. பூட்டப்படுவது பார்க்கிறவரின் கை அல்ல, கடைக்காரரின் கை. சாவி எங்கே தொங்குகிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

#14 · நேர்ப்பேச்சு

கடைக்காரன் கையைக் கட்டறதுன்னா நான் குறுக்க நிக்கல. 'அடுத்து' பட்டனைத் திரும்பக் கொண்டு வான்னு சட்டம் போட்டா நானே கையெழுத்துப் போடறேன். யாரோட நேரத்தையும் அது பிடுங்காது, கேட்டுட்டுக் குடுக்கும். ராத்திரிப் பூட்டுக்கு மட்டும் என் கையெழுத்து கிடையாது.

பொடிக்கடை அம்மா, வணக்கத்தோட ஒரு வீடியோ போடுங்க. நான் முழுசாப் பாக்குறேன். கொள்ளுப்பொடி கால் கிலோ என்ன விலை?

#15 · பொடிக்கடை

கால் கிலோ 140 ரூபா சார், அனுப்புற செலவு தனி. வணக்கம் சார் 🙏

#16 · மணியடிப்பவன்

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

குமாஸ்தா சார் எழுதின பட்டியலை ஆபீஸ்ல காட்டினேன். ஒரு யோசனையும் சொன்னேன்: எண் போடறதுன்னா கிடங்குல நிஜமா இருக்கற எண்ணைப் போடுவோம். ஒரு வாரம் சோதிச்சுப் பார்க்க ஒத்துக்கிட்டாங்க. "பச்சைச் சேலை, இன்னும் 96 இருக்கு"ன்னு போச்சு. யாரும் சீந்தல. பொய் எண்ணை நிறுத்திட்டாங்க, அது மட்டும் நடந்துச்சு. இப்ப எண்ணே இல்லாம "சீக்கிரம் தீர்ந்துடலாம்"னு போகுது. தீர்ந்துடலாம்தான், எதுதான் தீராது. அந்த வரியையும் நான்தான் எழுதினேன்.

அம்மா கதைக்கு வர்றேன். நேர வரம்பு, பூட்டு, கறுப்பு வெள்ளைத் திரை எல்லாம் பண்ணிப் பார்த்தேன். எதுவும் ஒரு வாரம் தாங்கல. போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா ராத்திரி ஒன்பதரைக்கு எடுக்கல. பயந்து போய் பக்கத்து வீட்டுக்காரங்களை எட்டிப் பார்க்கச் சொன்னேன். அம்மா குறட்டை விட்டுத் தூங்கறாங்களாம்.

காலையில கேட்டா, போனைச் சாமி ரூம்ல சார்ஜ் போட ஆரம்பிச்சுட்டாங்களாம். ராத்திரி சாப்பிட்டுக் கட்டில்ல படுத்து எழுந்தா குளிக்காம அந்த அறைக்குள்ள கால் வெக்க மாட்டாங்க, அது அம்பது வருஷப் பழக்கம். விளக்கேத்தறப்ப உள்ள வெச்சா மறுநாள் குளிச்சுட்டுத்தான் எடுக்க முடியும். யாரும் சொல்லிக் கொடுக்கல. அவசரத்துக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன். பழைய பட்டன் போன் ஒண்ணு தலைமாட்டுல இருக்குன்னு ஒரு நம்பர் கொடுத்தாங்க. அப்படி ஒண்ணு வெச்சிருக்காங்கன்னே எனக்குத் தெரியாது.

"ஆனா மார்கழி வந்தா கஷ்டம்டா"ன்னாங்க. "நாலரைக்கே குளிச்சுருவேனே."

#17 · முன்னாள் மேசை

நாலரையா. அம்மாவை ஜாக்கிரதையாப் பார்த்துக்கங்க அண்ணே.

#18 · நேர்ப்பேச்சு

அரசாங்கமும் இல்ல, ஆதாரும் இல்ல. உங்கம்மா கட்சிதான் என் கட்சி.

எங்க வீட்டுல சாமி ரூம் கிடையாது, ஹால்ல டிவி பக்கத்துல ஒரு அலமாரிதான். என் சம்சாரம் குளிக்காமலே கையை நீட்டி எடுத்துடுவா. வேற ஏதாவது வழி தெரியுமான்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க.